துணியைப் பார்க்க டிக்கெட்டா? உடை, வடிவமைப்புக் கண்காட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் சென்னிமலை. அப்பாரு, அதாவது தாத்தா, பெட்ஷீட் நெய்தவர். நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர்; ஆர்டர் பிடிப்பது முதல் ஷிப்மெண்ட் வரை பார்த்துக்கொள்ளும் வேலை. துணி வாங்கும் பையர்களைப் பார்க்க வெளியூர், வெளிநாடு போகும்போது அரை நாள் மிச்சம் பிடித்து, துணியும் உடையும் வைத்திருக்கும் அருங்காட்சியகம் எதிலாவது நுழைந்துவிடுவது பழக்கமாகிவிட்டது. திரும்பி வந்தால் கட்டிங் மாஸ்டர் முதல் ஈரோட்டுச் சித்தி வரை எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வாயால் சொல்லி அலுத்துப்போய் இப்போது எழுதிவிட்டேன்.

கண்காட்சி என்றால் எத்தனை சதவீதம் தள்ளுபடி?

தள்ளுபடி கிடையாது. நம் பக்கம் கண்காட்சி என்ற சொல்லுக்கே கோ-ஆப்டெக்ஸ் தீபாவளித் தள்ளுபடியும், கல்யாண மண்டபத்தில் போடும் சேலைக் கடைகளும்தான் நினைவுக்கு வரும். திருப்பூர்க்காரர்களுக்கு அது நிட் ஃபேர் என்னும் பின்னலாடை வர்த்தகச் சந்தை. விசிட்டிங் கார்டு கொடுத்து ஆர்டர் பிடிக்கும் இடம். நான் சொல்லும் கண்காட்சியில் ஒரு துணியும் விற்பனைக்கு இல்லை. பார்ப்பதற்கு மட்டுமே. கடைசியில் வாசல் ஓரமாக ஒரு கடை இருக்கும். அங்கே விற்கும் துணிப்பையை, விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுங்கள். அதே பையை நம் ஊரில் என்ன விலைக்குத் தைத்து ஏற்றுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும்.

நாள் முழுக்கத் துணியோடுதான் கிடக்கிறோம். அதையே காசு கொடுத்துப் போய்ப் பார்ப்பானேன்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் எங்கள் பேட்டர்ன் மாஸ்டர். நியாயமான கேள்விதான். அவருக்கு நான் சொன்ன பதில் 'டீ-ஷர்ட்'.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2017-ல் ஒரு கண்காட்சி வைத்தது. உலகத்தையே மாற்றிய உடுப்புகளும் அணிபொருட்களும் என்று 111 வகைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் நம் சேலையும் இருந்தது, வெறும் வெள்ளை டீ-ஷர்ட்டும் இருந்தது. அடுத்த ஆண்டே லண்டனில் உள்ள ஃபேஷன் அண்ட் டெக்ஸ்டைல் மியூசியம் டீ-ஷர்ட்டுக்கென்றே தனிக் கண்காட்சி நடத்தியது. நாம் மாதம் இத்தனை லட்சம் என்று பெட்டி கட்டி அனுப்பும் ஒரு பொருளை, எதிரே நின்று மனிதர்கள் கை கட்டிப் பார்க்கிறார்கள். எப்படி உள்ளாடையாக இருந்தது மேலாடையாக ஆனது, எப்போது அதன் நெஞ்சில் வாசகம் ஏறியது என்று படித்துக்கொண்டு நகர்கிறார்கள்.

தறியிலோ டேபிளிலோ இருக்கும்போது துணி நமக்கு வேலை. பழுது இருக்கிறதா, அளவு சரியா, ஷிப்மெண்ட் எப்போது என்பதற்கு மேல் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. ஷிப்மெண்ட் தேதி இல்லாத துணியைப் பார்ப்பதே ஒரு புது அனுபவம். மாஸ்டர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் போன முறை நான் கொண்டுவந்த கையேட்டை வாங்கிப் போனவர், ஆறு மாதம் கழித்தும் திருப்பித் தரவில்லை.

படித்தவர்களுக்கும் டிசைனர்களுக்கும் உள்ள இடம் இல்லையா அது?

இல்லவே இல்லை. அந்தக் கூடங்களில் பெரும்பாலோர் உடை மாட்டிய பொம்மைக்கு முன்னால் பத்து விநாடி நின்று, படம் எடுத்து, அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். ஓவர்லாக் போட்ட கை, பாவு ஓட்டிய கை, சாயப்பட்டறையில் நிறம் பார்த்த கண் இருந்தால் நீங்கள் அங்கே விருந்தாளி இல்லை, பரிசோதகர். என்னோடு ஒருமுறை வந்த செக்கிங் பெண், நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கவுனில் இடது தோள் வலது தோளைவிட அரை விரற்கடை இறங்கியிருப்பதைக் கண்டுபிடித்தாள். 'ரிஜெக்ட்' என்றாள்.

பக்கத்தில் எங்கே இருக்கிறது? லண்டன் பாரிஸ் எல்லாம் வேண்டாம்.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையிலேயே தொடங்கலாம். கஸ்தூரி ஸ்ரீநிவாசன் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன. கஸ்தூரி ஸ்ரீநிவாசன், தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ராவுக்கு முதல் இயக்குநராக இருந்தவர். கையால் நூற்ற காலத்திலிருந்து மில் காலம் வரை நூலும் நெசவும் நடந்துவந்த வழியை அங்கே பார்க்கலாம். பளபளப்பு எதிர்பார்த்துப் போகாதீர்கள். மில் தொழிலாளி குடும்பம் என்றால் பாட்டன் எதை இயக்கினார் என்று பேரனுக்குக் காட்ட நல்ல இடம். திறந்திருக்கும் நேரத்தைப் போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

வடிவமைப்பு என்றால் உடை மட்டும்தான் என்பதும் இல்லை. அதே சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம் இருக்கிறது. சூலூருக்குப் பக்கத்தில் கலங்கலில் பிறந்து, பஸ் ஓட்டி, பிறகு மின்சார ஷேவர் முதல் பல கருவிகளைச் செய்தவரின் வேலை அங்கே கண்ணெதிரே இருக்கிறது. ஒரு பொருள் கையில் எப்படி உட்கார வேண்டும், அதன் உள்ளே என்ன இயங்க வேண்டும் என்று ஒருவர் யோசித்திருப்பதைப் பார்ப்பதும் வடிவமைப்புக் கண்காட்சிதான். நம் கோவை வெட் கிரைண்டரை ஏன் இன்னும் யாரும் மேடை போட்டு விளக்கு வைத்துக் காட்டவில்லை என்பது என் நீண்டநாள் குறை.

சென்னை போனால் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்கு ஒரு பகல் ஒதுக்குங்கள். 1996-ல் திறந்தது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். அதில் பட்டு நெசவாளர் வீடும் உண்டு. தறி வீட்டின் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தது, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பது தறியைத் தனியாக ஒரு கூடத்தில் வைத்தால் புரியாது. பெங்களூரில் கஸ்தூர்பா சாலையில் 2023-ல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகமும் துணிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. கோவையிலிருந்து காலை ரயிலில் போய்விடலாம்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால்?

அகமதாபாத், காலிகோ அருங்காட்சியகம். யோசிக்கவே மாட்டேன்.

சாராபாய் குடும்பம் 1949-ல் தொடங்கியது. மில் முதலாளிகள்தான், ஆனால் மில் துணிக்கு முன்னால் இந்தியாவில் என்னென்ன நெய்தார்கள், அச்சிட்டார்கள், எழுதினார்கள் என்பதைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள். முன்பதிவு இல்லாமல் போய் வாசலில் நிற்காதீர்கள். ஒரு நேரத்தில் சிறு குழுவைத்தான் விடுவார்கள், வழிகாட்டியோடுதான் நடக்க வேண்டும், படம் எடுக்க அனுமதி இல்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. அரை மணி நேரத்தில், கையில் போன் இல்லாததால் கண் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்தது. இன்றும் அங்கே பார்த்த ஒரு சிவப்பை என்னால் நினைவிலிருந்தே லேப் டிப்புக்கு, அதாவது சாயப்பட்டறையின் நிற மாதிரிக்கு, சொல்ல முடியும்.

ஏன் உள்ளே இவ்வளவு இருட்டு? விளக்குக்குக் கூடவா காசில்லை?

காசு இருக்கிறது, பயம் அதைவிட அதிகமாக இருக்கிறது. துணிக்கு வெளிச்சம் எமன். வீட்டு ஜன்னல் ஓரம் போட்ட பெட்ஷீட் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. அதனால் துணி இருக்கும் கூடத்தில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவில் நிறுத்துவது வழக்கம். நம் செக்கிங் டேபிள் மேல் எரியும் விளக்கு அதைப்போல் இருபது மடங்குக்குக் குறையாது. உள்ளே நுழைந்ததும் ஐந்து நிமிடம் எதையும் பார்க்காமல் நில்லுங்கள். கண் பழகிவிடும்.

ஒரு துணியைச் சில மாதம் காட்டினால் பிறகு சில வருடம் இருட்டறையில் ஓய்வு கொடுப்பார்கள். ஆகவே போன வருடம் யாரோ பார்த்த சேலை இந்த வருடம் இருக்கும் என்று நம்பி ரயில் ஏற வேண்டாம். ஃபிளாஷ் போடாதே என்பதும் இதனால்தான். குளிர் அதிகமாக இருக்கும்; மேலே போர்த்த ஏதாவது எடுத்துப் போங்கள்.

தொடாமல் எப்படித் துணியைப் பார்ப்பது?

துணிக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. நமக்கு விரல்தான் கண். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்று, சொல்ல வராது. ஆனால் விரலில் எண்ணெயும் வியர்வை உப்பும் இருக்கின்றன. ஒருவர் தொட்டால் ஒன்றும் ஆகாது. நாளுக்கு ஆயிரம் பேர் தொட்டால் துணி கறுத்து, நூல் அறுந்துவிடும். சரிகை இன்னும் மோசம், வியர்வை பட்டால் மங்கிவிடும். சில இடங்களில் தொட்டுப் பார்ப்பதற்கென்றே மாதிரித் துண்டுகள் வைத்திருப்பார்கள். அதைத் தேடிப் போய் ஆசை தீரத் தேயுங்கள்.

மற்ற இடங்களில் கண்ணாலேயே தொடப் பழக வேண்டும். நான் செய்வது இது. முதலில் துணி விழும் விதம்: மடிப்பு கூராக நிற்கிறதா, குழைந்து வழிகிறதா. அதிலேயே நூலின் முறுக்கும் எடையும் பாதி தெரிந்துவிடும். பிறகு ஓரம். கரை இருந்தால் தறியின் அகலம் தெரியும். கரையும் உடலும் சேரும் இடத்தில் இரண்டையும் பிணைத்து நெய்யும் கோர்வை போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பேன். அடுத்து ஒட்டுகள். ஒரு பழைய கவுனின் கைக்குழியில் சின்னச் சின்ன ஒட்டுத்துண்டுகள் இருந்தால் துணி அன்றைக்கு விலை உயர்ந்தது, தையற்கூலி மலிவு என்று அர்த்தம். இன்று நம் தொழிலில் அது தலைகீழ். சிங்கர் தன் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றதே 1851-ல்தான். அதற்கு முந்தைய உடை எதைப் பார்த்தாலும் பெரும்பாலும் அத்தனை மீட்டரும் கைத்தையல் என்பதை மனதில் வைத்துக்கொண்டு விளிம்பைப் பாருங்கள். கால் வலி மறந்துபோகும்.

பின்பக்கமும் முக்கியம். நல்ல அருங்காட்சியகத்தில் கண்ணாடி அல்லது சுற்றிவர வழி இருக்கும். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால், வைத்தவர்களுக்குத் துணி தெரியவில்லை என்று நான் முடிவு கட்டிவிடுவேன். கொஞ்சம் அவசர முடிவுதான், இருக்கட்டும்.

அந்தப் பொம்மைகள் ஏன் இவ்வளவு ஒல்லி?

உடைக்குத் தக்கபடி பொம்மையைச் செதுக்கியும் பஞ்சு வைத்துக் கட்டியும் சரிசெய்கிறார்கள். பொம்மைக்காக உடையை இழுப்பதில்லை. அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டியவர்கள். தவிர, பெரிய அளவு உடைகள் மறுபடி வெட்டித் தைக்கப்பட்டுத் தேய்ந்துபோயிருக்கும். யாருக்கும் பொருந்தாத சிறிய உடைதான் பெட்டியில் தப்பிப் பிழைத்திருக்கும்.

மனிதர் உடலில் போட்டுக் காட்டினால் இன்னும் அழகாக இருக்காதா என்றும் கேட்கிறார்கள். மர்லின் மன்றோ 1962-ல் அணிந்த ஒரு கவுனை, 2022-ல் நியூயார்க்கில் நடந்த மெட் காலா விருந்துக்குக் கிம் கர்தாஷியன் உடுத்திக்கொண்டு போனார். உலக அருங்காட்சியகக் குழுவின் உடைப்பிரிவினர், வரலாற்று உடைகளை யாரும் அணியக் கூடாது என்று அறிக்கையே விட்டார்கள். என் கட்சியும் அதுதான். அம்மிச்சியின் (அம்மாவைப் பெற்றவர்) கூறைச்சேலையைக் கல்லூரி ஆண்டுவிழாவுக்குக் கட்டிப்போய் மடிப்போடு கிழித்துக்கொண்டு வந்தவள் நான். சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

நம் ஊர்த் துணி அங்கே இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அது எப்படி அங்கே போனது என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

லண்டனில் இந்தியா மியூசியம் என்று ஒன்று இருந்தது. அங்கே அதிகாரியாக இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866-ல் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளில் 700 மாதிரிகள் கொண்ட தொகுப்பாக வெளியிட்டார். மொத்தம் 20 பிரதிகள். 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. எதற்கு? இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று பிரிட்டிஷ் மில்காரர்கள் பார்த்து, அதேபோல் நெய்து, இந்தியர்களுக்கே விற்பதற்கு. தலைப்பாகை எத்தனை முழம், வேட்டிக்கரை எவ்வளவு அகலம் என்பதெல்லாம் குறிப்பாக இருந்தது.

இதைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. இது ஸ்வாட்ச் புத்தகம்! என் மேசை டிராயரில் இதே மாதிரி நாற்பது கிடக்கின்றன. வெட்டிய துண்டு, ஒட்டிய அட்டை, ஓரத்தில் அளவு, நிறம், விலை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மெர்ச்சண்டைசர் உட்கார்ந்து அதே வேலையைச் செய்திருக்கிறார். கோபம் பிறகு வந்தது, விமானத்தில். ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் ஒரு முழுத்துணி வெட்டுப்பட்டிருக்கிறது, நெய்தவன் பெயர் ஒன்றுகூட இல்லை.

அந்த மியூசியம் கலைந்தபோது அதன் சேகரிப்பில் ஒரு பெரும் பகுதி சவுத் கென்சிங்டனுக்குப் போனது. இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதுதான். அங்கே நிரந்தரக் கூடங்களுக்கு நுழைவு இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட். 2015-ல் இந்தியத் துணிகளுக்கென்றே ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார்கள். 2023-ல் அதே நகரத்தின் டிசைன் மியூசியம் இன்றைய சேலைக்கென்று ஒரு கண்காட்சி வைத்தது. டெனிமிலும் எஃகிலும் சேலையா என்று எங்கள் சித்தி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெயர்ப்பலகையில் என்ன படிக்க வேண்டும்?

காலம், இடம், நூல், நெசவு முறை, யார் கொடுத்தார்கள். இதற்கு மேல் ஒரு வரி நான் எப்போதும் தேடுவேன்: யார் நெய்தது, யார் தைத்தது. நூற்றில் தொண்ணூறு பலகைகளில் இருக்காது. டிசைனர் பெயர் பெரிய எழுத்தில், உடுத்தியவர் பெயர் அதற்குக் கீழே, நன்கொடையாளர் பெயர் கடைசியில். நெய்தவர் 'தென்னிந்தியா' ஆகிவிடுவார்.

ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் கொங்குச் சேலை போலவே இருந்த ஒரு கட்டச் சேலையைத் திரைச்சீலை மாதிரி நேராகத் தொங்கவிட்டிருந்தார்கள். முந்தி மேலே, உடல் கீழே. பின்கொசுவம் வைத்துக் கட்டும் பெண்களின் சேலை அது, நடுவிலிருந்துதான் அதன் அழகே தொடங்கும் என்று ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். நன்றி சொல்லி மிகப் பணிவான பதில் வந்தது. திருத்தினார்களா என்று போய்ப் பார்க்க எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

பெரிய கண்காட்சிகளில் கூட்டம் எப்படி?

பவானி கூடுதுறை ஆடி அமாவாசை. 2018-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் கத்தோலிக்க மதமும் உடையும் என்ற பொருளில் நடத்திய கண்காட்சியை 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். 2015-ல் லண்டனில் பிரிட்டிஷ் டிசைனர் அலெக்சாண்டர் மெக்குயீன் கண்காட்சிக்கு டிக்கெட் கிடைக்காமல், கடைசி நாட்களில் இரவு முழுக்கத் திறந்து வைத்தார்கள். இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வார நாளில், திறந்த உடனே போங்கள். கடைசி வாரம் மட்டும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாராலும் உண்மையாகப் பார்க்க முடியாது. அதற்குமேல் நடப்பது நடைப்பயிற்சி.

கூட்டமே இல்லாமல், கேட்ட பொருளைக் கேட்டபடி பார்க்க வழி உண்டா?

உண்டு. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் 2025 மே மாதம் கிழக்கு லண்டனில் தன் கிடங்கையே மக்களுக்குத் திறந்துவிட்டது. இணையத்தில் அவர்களுடைய பட்டியலைத் தேடி, ஐந்து பொருள்கள் வரை தேர்ந்து, இரண்டு வாரத்துக்கு முன்பே பதிந்தால் எடுத்து வைத்திருப்பார்கள். கட்டணம் இல்லை. பொம்மை இல்லை, இசை இல்லை, மேசையும் துணியும் நீங்களும்தான். திருப்பூரிலிருந்து லண்டன் போகிறவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடைகளில் சாம்பிள் வாங்கி முடித்த பிறகு இதைச் செய்யலாம். முன்னால் செய்தால் சாம்பிள் வாங்க மனம் வராது.

பார்த்ததை வரைந்துகொண்டுவந்து டிசைனாகப் போடலாமா?

பென்சிலும் சின்ன நோட்டும் பெரும்பாலான இடங்களில் அனுமதி. பேனா வேண்டாம், மை சிந்தும் என்று தடுப்பார்கள். இருநூறு வருடப் பழைய பூவேலையைப் பார்த்து உங்கள் கற்பனையில் ஒன்று வரைவதில் தப்பில்லை. இன்றைய டிசைனரின் உடையை அச்சு அசலாக எடுப்பது வேறு கதை. பதிவான டிசைனுக்கு இந்தியச் சட்டப்படி முதலில் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் பாதுகாப்பு உண்டு. நம் துணிகளுக்கும் இப்படி ஒரு வேலி இருக்கிறது: பவானி ஜமக்காளம், கோவை கோரா காட்டன், நெகமம் சேலை எல்லாம் புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊர் விசைத்தறியில் ஓட்டியதைப் பவானி ஜமக்காளம் என்று விற்கிறவர்கள் இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம். முழுக்கச் சாப்பிட வைத்துக் கூட்டிப் போங்கள். 'எந்த உடையில் பை இருக்கிறது, கண்டுபிடி' என்று விட்டால் ஒரு மணி நேரம் தொந்தரவு இல்லை. பெண்கள் உடையில் பை ஏன் இல்லை என்று அவர்களே கேட்பார்கள். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்துச் சேலை இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?

கேட்டுப் பார்க்கலாம். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குச் சேலையோடு கதையும் வேண்டும்: எந்த ஊர்த் தறி, எந்த வருடம், யார் எந்தச் சீருக்கு எடுத்தது, உடுத்தியிருக்கும் புகைப்படம் ஏதாவது இருக்கிறதா. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்டு எழுதிவிடுங்கள். நான் கேட்கப் போனபோது அம்மிச்சிக்குச் சேலையின் விலை நினைவிருந்தது, கடை நினைவிருந்தது, நெய்தவர் யார் என்று மட்டும் தெரியவில்லை.

கொடுக்கும் வரையோ, கொடுக்காமலோ, வீட்டில் வைத்திருக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில்தான் பட்டு முதலில் வெடிக்கும். அம்மிச்சி சில மாதத்துக்கு ஒருமுறை பட்டை எடுத்து மடிப்பு மாற்றி வைப்பார். அருங்காட்சியகத்தில் அதற்கும் ஒரு படி மேலே போய், மடிக்காமல் குழாயில் சுற்றுகிறார்கள். நம் கம்பெனிகளில் துணி ரோல் தீர்ந்ததும் தூக்கிப் போடும் அட்டைக்குழாய் போதும். ஆனால் அட்டை நேராகத் துணியில் படக் கூடாது, நாளடைவில் பழுப்பேறிவிடும். கஞ்சி போக நன்றாக அலசி உலர்த்திய காடாத் துணியை (வெளுக்காத பருத்தி) முதலில் குழாயில் சுற்றி, அதன் மேல் சேலை, சரிகை வெளிப்பக்கமாக, மேலே மறுபடி காடா. தளர்வாக நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம், ஊசி வேண்டாம், நாப்தலின் உருண்டை சரிகைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். எழுதிய குறிப்பைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி நாடாவில் செருகுங்கள். என் சேலை கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறது. கிழிந்த மடிப்பு உள்ளே சுற்றில் இருக்கிறது, சீட்டில் அதையும் எழுதியிருக்கிறேன்: 'கிழித்தது பேத்தி'.